நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பு: முதல் ஆண்டின் பணத்தை எதில் போடுவது?

100 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிப் பிரிவில் இரண்டே பேர். பிரின்டர் மக்கர் செய்தாலும் அவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள், சர்வர் நின்றுபோனாலும் அவர்களைத்தான். நெடுநாள் தயக்கத்துக்குப் பிறகு நிர்வாகம் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டதும் ஐந்து யோசனைகள் வந்து சேர்கின்றன. தகவல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001 இன் சான்றிதழை வாங்கிவிடலாம் என்கிறார் ஒருவர். நல்ல கண்காணிப்பு மென்பொருள் ஒன்று போதும் என்கிறார் இன்னொருவர். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ஓட்டை அங்கேதான் இருக்கிறது என்பது மூன்றாவது யோசனை. பொறுப்பு முழுவதையும் வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது நான்காவது. ஐந்தாவதைச் சொல்பவர் பெரும்பாலும் அந்தக் கணினிப் பிரிவுக்காரர். இருக்கிற கணினிகளைக் கணக்கெடுப்போம், உள்நுழைவுக்குக் கடவுச்சொல் போக இரண்டாவது சரிபார்ப்பு வைப்போம், தரவின் மாற்று நகலான பேக்கப்பைச் சரிசெய்வோம், மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்களைக் காலத்தோடு போடுவோம் என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்வார். அறையில் யாருக்கும் அது பெரிதாகப் படாது.

இந்த ஐந்தையும் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். என் தேர்வு ஐந்தாவது. மற்ற நான்கும் வீண் என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்கும் காலம் உண்டு, ஆனால் அந்தக் காலம் முதல் ஆண்டு இல்லை என்பதே என் கட்சி.

எதை வைத்து ஒப்பிடுவது? பாடநூல்கள் தகவல் பாதுகாப்பை மூன்று சொற்களில் அடக்கும்: இரகசியம், முழுமை, கிடைத்தல். உரிமை இல்லாதவர் பார்க்கக் கூடாது, அனுமதியின்றி எதுவும் மாறக் கூடாது, வேண்டிய நேரத்தில் தரவு கையில் இருக்க வேண்டும். மூன்றும் சரியான இலக்குகள். ஆனால் ஐந்து யோசனைகளுமே இந்த மூன்றையும் தருவதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. ஆகவே, நான் வேறொரு கேள்வியைக் கேட்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை நாமே, யாருடைய வாக்கையும் நம்பாமல், ஒரு நாளில் சோதித்துப் பார்க்க முடியுமா? பெரிய சேதங்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் ஒன்று தெரியும். பாதிக்கப்பட்ட பல நிறுவனங்களிடம் பாதுகாப்பு இருந்தது. அது வேலை செய்துகொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சான்றிதழ்

ஐஎஸ்ஓ 27001 இன் வேர் 1995 இல் வந்த பிஎஸ் 7799 என்ற பிரிட்டன் தரநிலையில் இருக்கிறது. 2005 இல் அது சர்வதேசத் தரநிலை ஆனது. 2013 பதிப்பில் 114 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்பு நடவடிக்கைகள், இருந்தன, 2022 பதிப்பில் அவை 93 ஆகத் தொகுக்கப்பட்டன. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. இதில் உண்மையான பலன் ஒன்று இருக்கிறது. நிர்வாகத்தை உட்கார வைத்து, எது போனால் நமக்கு நட்டம், அதற்கு யார் பொறுப்பு என்று எழுத வைக்கிறது. இதுவரை வாய்ப்பேச்சில் இருந்ததெல்லாம் காகிதத்துக்கு வருகிறது.

சிக்கல் இரண்டு இடங்களில். சான்றிதழின் எல்லையை நிறுவனமே வரையறுக்கிறது. ஒரே ஓர் அலுவலகத்துக்கோ ஒரே ஒரு சேவைக்கோ கூட வாங்கலாம், ஆனால் சுவரில் மாட்டியதும் பார்ப்பவர் அதை நிறுவனம் முழுவதற்குமாகப் படித்துக்கொள்வார். இரண்டாவது, தணிக்கையாளர் வந்துபோன நாளின் நிலையைத்தான் அந்தத் தாள் சொல்கிறது. அமெரிக்காவின் டார்கெட் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டண அட்டைகளுக்கான தரநிலையைப் பூர்த்தி செய்வதாக அந்நிறுவனத்துக்கு 2013 செப்டம்பரில் சான்று கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. குளிர்சாதன வேலைகளைப் பார்த்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் உள்நுழைவு விவரங்களை வைத்துத் திருடர்கள் நுழைந்தார்கள். சான்று பொய் என்று நான் சொல்லவில்லை. சான்று பார்த்த இடம் வேறு, திருடன் வந்த வழி வேறு.

வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் சான்றிதழ் கேட்கிறார் என்றால் விவாதமே வேண்டாம், வாங்குங்கள். அது வியாபாரச் செலவு. யாரும் கேட்காதபோது, சிஐஎஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு வெளியிடும் சிஐஎஸ் கட்டுப்பாடுகள் என்ற இலவசப் பட்டியல் இருக்கிறது. அதன் 8 ஆம் பதிப்பில் 18 தலைப்புகளும் 153 பணிகளும் உள்ளன. சிறிய நிறுவனம் முதலில் செய்ய வேண்டியவை என்று அவற்றில் 56 பணிகளைத் தனியே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் உள்ள கணினிப் பிரிவுக்கு ஏற்ற அளவு அதுதான். அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2014 இல் வெளியிட்டு 2024 இல் புதுப்பித்த சட்டகமும் இலவசமே. ஆளுதல், அடையாளம் காணுதல், காத்தல், கண்டறிதல், எதிர்வினை ஆற்றுதல், மீளுதல் என்று அது வேலையை ஆறாகப் பிரிக்கிறது. வேலை செய்ய சிஐஎஸ் பட்டியல், மேலிடத்துக்கு விளக்கிச் சொல்ல நிஸ்டின் ஆறு சொற்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். பிறகு சான்றிதழ் தேவைப்படும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

கருவி

விற்பனையாளரின் திரையில் எல்லாம் அழகாக இருக்கும். சிவப்புப் புள்ளிகள், வரைபடங்கள், எச்சரிக்கைகள். அந்த எச்சரிக்கையை இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பார் என்ற கேள்விக்கு மட்டும் திரையில் பதில் இருக்காது. டார்கெட்டிடமும் கண்டறியும் கருவி இருந்தது. அது எச்சரித்தது, யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது ஈக்விஃபேக்ஸ் கதை. கடன் தகவல்களைத் தொகுக்கும் அந்த நிறுவனத்திலிருந்து 2017 இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. வெளியே செல்லும் மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து பார்க்கும் கருவி ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். அந்தக் கருவிக்குத் தேவையான டிஜிட்டல் சான்று காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, எதையும் பார்க்கவில்லை. ஜூலை 29 அன்று சான்றைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மே மாத நடுவிலிருந்து திருடர்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள்.

கருவியே ஆபத்தாகவும் மாறலாம். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. தாக்கியவர் யாரும் இல்லை, ஆனாலும் விமானங்கள் பறக்கவில்லை. கிடைத்தல் என்ற அந்த மூன்றாவது இலக்கைப் பாதுகாப்புக் கருவியே உடைத்தது.

எச்சரிப்பதோடு நிற்காமல் தானே தடுக்கும் ஆன்ட்டிவைரஸ் வகைக் கருவி எல்லாக் கணினியிலும் இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கணினிகளின் நிகழ்வுப் பதிவேடுகளை எல்லாம் ஓரிடத்தில் குவித்து ஆராயும் பெரிய கருவியைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லாத நிறுவனத்துக்கு அது சந்தாக் கட்டணம் மட்டுமே.

பயிற்சியும் வெளி நிறுவனமும்

போலி மின்னஞ்சலை அனுப்பிப் பார்த்து, யார் கிளிக் செய்கிறாரோ அவருக்கு உடனே பாடம் காட்டும் பயிற்சி பல நிறுவனங்களில் நடக்கிறது. சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000 க்கும் மேற்பட்ட பணியாளர்களிடம் 15 மாதங்கள் இதைச் சோதித்தார்கள். கிளிக் செய்தவுடன் பாடம் காட்டும் முறை பணியாளர்களை மேலும் விழிப்பாக்கவில்லை, சில விதங்களில் எதிர்மாறான விளைவே வந்தது. ஆனால் அதே ஆய்வில் நல்ல செய்தியும் இருந்தது. சந்தேக மின்னஞ்சலைத் தெரிவிக்க ஒரு பொத்தான் கொடுத்தபோது பணியாளர்கள் அதை நெடுங்காலம் விடாமல் பயன்படுத்தினார்கள், புதிய தாக்குதல்களைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்தார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது எளிது. பயிற்சிக்குப் பெரிய தொகை வேண்டாம். தெரிவிக்க ஒரு வழியும், தவறுதலாகக் கிளிக் செய்துவிட்டேன் என்று ஓடி வந்து சொல்பவரைத் திட்டாத மேலாளரும் வேண்டும். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். மறைத்த அந்த இரண்டு மணி நேரம் தாக்குபவனுக்குப் போய்ச் சேரும்.

வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதைப் பற்றி. 24 மணி நேரமும் கண்விழிக்க இரண்டு பேரால் முடியாது என்பதால், கண்காணிப்பை வெளியே கொடுப்பது ஒருநாள் தேவைப்படும். ஆனால் உங்கள் கணினிகளை எல்லாம் தொலைவிலிருந்து ஆளும் சாவி அவர்களிடம் போகிறது என்பதை மறக்க வேண்டாம். 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, இப்படிப்பட்ட சேவை நிறுவனங்கள் சிலவற்றில் புகுந்த கும்பல், அவற்றின் வாடிக்கையாளர்களான சுமார் 1,500 நிறுவனங்கள் வரை முடக்கியது. சுவீடனில் கூப் பல்பொருள் அங்காடிகள் நூற்றுக்கணக்கில் கதவடைத்தன, கல்லாப்பெட்டி இயங்கவில்லை. கடைக்காரர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவருக்குச் சேவை கொடுத்தவரின் கருவியில் ஓட்டை. ஆகவே, ஒப்பந்தம் போடும் முன் அவர்களுடைய நிர்வாகக் கணக்குகளுக்கு எந்த வகைச் சரிபார்ப்பு இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உள்நுழைவு

இனி ஐந்தாவது யோசனை. இதற்குள்ளேயும் தேர்வுகள் இருக்கின்றன, பணத்தை வீணாக்கவும் வழிகள் இருக்கின்றன.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாயை நிறுத்தியது. யாரும் பயன்படுத்துவதில்லை என்று நினைத்திருந்த ஒரு பழைய தொலைநுழைவுக் கணக்கின் வழியாகத் தாக்கியவர்கள் வந்தார்கள். அதற்குக் கடவுச்சொல் மட்டுமே இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கப்பமாகக் கட்டியது. பிறகு அதில் ஒரு பகுதியை அமெரிக்க நீதித்துறை மீட்டது. எல்லோருடைய கணக்கும் சரியாக இருந்து, ஒரே ஒரு பழைய கணக்கு விட்டுப்போனால் தாக்குபவனுக்கு அது போதும்.

இரண்டாவது சரிபார்ப்பில் நான்கு வகைகள் பரவலாக உள்ளன. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எல்லோருக்கும் பழகியது, செலவு குறைவு. ஆனால் கைப்பேசி எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றிவிட்டால் ஓடிபியும் அங்கே போய்விடும். கைப்பேசிச் செயலி உருவாக்கும் ஆறு இலக்க எண் அதைவிட மேல், எண்ணைக் கடத்தினாலும் அது கிடைக்காது. மூன்றாவது, ‘நீங்கள்தானா?’ என்று கேட்கும் அறிவிப்பு. ஒரு தட்டில் முடிந்துவிடுவதால் பணியாளர்களுக்கு இது பிடிக்கும். அந்த வசதியே பலவீனமும்கூட. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு இத்தகைய அறிவிப்புகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டார், தாக்கியவன் உள்ளே வந்துவிட்டான். திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் தட்டச்சு செய்யச் சொல்லும் அமைப்பு பல சேவைகளில் இருக்கிறது. அறிவிப்பு முறையைத் தேர்ந்தால் அதை இயக்கியே ஆக வேண்டும்.

நான்காவது, யூஎஸ்பி வடிவிலான பாதுகாப்புச் சாவி. இதற்கும் மற்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, தன்மையில் இருக்கிறது. ஓடிபியோ செயலி எண்ணோ எதுவானாலும், போலித் தளத்தில் பணியாளரே அதைத் தட்டச்சு செய்துவிட முடியும். தாக்குபவன் அடுத்த நொடியில் அதை உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போவான். சாவி அப்படி ஏமாறாது. பதிவு செய்தபோது இருந்த தளத்தின் முகவரிக்கு மட்டுமே அது கையொப்பம் இடும். மனிதக் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு முகவரிகள் சாவிக்கு வெவ்வேறானவை. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இப்போது வரும் பாஸ்கீயும் இதே கணிதத்தில்தான் இயங்குகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, உலகமே சோதனையை நடத்திக் காட்டியது. 2022 கோடையில் டுவிலியோ, கிளவுட்ஃபிளேர் என்ற இரு தொழில்நுட்ப நிறுவனங்களின் பணியாளர்களுக்கும் ஒரே மாதிரியான போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. இரண்டு இடத்திலும் சிலர் ஏமாந்து விவரங்களைக் கொடுத்தார்கள். டுவிலியோவில் தாக்கியவர்கள் உள்ளே நுழைந்து வாடிக்கையாளர் தரவைப் பார்த்தார்கள். கிளவுட்ஃபிளேரில் மூன்று பணியாளர்கள் கடவுச்சொல்லைக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே எல்லோரிடமும் சாவி இருந்தது. இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே தவறைத்தான் செய்தார்கள். பயிற்சியை விட்டுவிட்டு இங்கே பணத்தைப் போடச் சொல்வதற்கு இதுவே காரணம்.

100 பேருக்கும் சாவி வாங்க நிதி இல்லையென்றால் என் பரிந்துரை இதுதான். எல்லோருக்கும் செயலி எண். நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும், பணத்தைக் கையாளும் கணக்குப் பிரிவுக்கும், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சாவி. ஆளுக்கு இரண்டு வாங்குங்கள், ஒன்று தொலையும். குறுஞ்செய்தி ஓடிபியைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். இதோடு, சாவி தொலைந்தது என்று தொலைபேசியில் அழைப்பவருக்கு எப்படிப் புதிதாகக் கொடுப்பது என்பதையும் எழுதி வையுங்கள். முன்கதவைப் பூட்டியதும் தாக்குபவன் தட்டும் அடுத்த கதவு உதவி மேசைதான். அழைத்தவரை அவருடைய மேலாளர் வழியாகவோ நேரிலோ உறுதிசெய்யாமல் எதையும் மாற்றக் கூடாது.

கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றும் விதி உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அதை நீக்கிவிடலாம். 2017 முதலே நிஸ்ட் வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். நீளமான கடவுச்சொல்லும், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் அது இருக்கிறதா என்ற சோதனையும் அதைவிடப் பயன் தரும்.

நாமே ஒரு நாளில் சோதித்துப் பார்க்க முடியுமா என்ற அந்தக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத கணக்குகள் எத்தனை என்று நிர்வாகத் திரையில் பட்டியல் எடுக்கலாம். அரை மணி நேர வேலை.

பேக்கப்

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒவ்வொரு காலையும் ‘பேக்கப் வெற்றி’ என்று மின்னஞ்சல் வரும். ஒருநாள் சர்வரின் டிஸ்க் பழுதானது. கணக்குத் தரவைத் திரும்ப எடுக்கப் போனபோது எட்டு மாதத்துக்கு முந்தைய தரவுதான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் இடப்பற்றாக்குறையால் தரவுத்தளத்தை வேறொரு டிரைவுக்கு மாற்றியிருந்தோம். பேக்கப் நிரல் பழைய இடத்தையே தினமும் பொறுப்பாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. அது சொன்ன ‘வெற்றி’யில் பொய் இல்லை. நாங்கள்தான் ஒருமுறைகூட மீட்டுப் பார்க்கவில்லை. கணக்குப் பிரிவினர் காகித ரசீதுகளைக் குவித்து வைத்து மூன்று வாரம் தட்டச்சு செய்தார்கள். அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்கு நடந்தது சிறியது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவையை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைப்பில் முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அதற்கு என் மரியாதை.

வழிகளை ஒப்பிடுவோம். அலுவலகத்திலேயே செருகி வைத்திருக்கும் வெளி டிஸ்க் மலிவானது, வேகமானது. கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். மேகம் எனப்படும் இணையச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறையைப் பலர் பேக்கப் என்று நினைத்திருக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். பழைய பதிப்புகளைச் சில நாட்கள் வைத்திருப்பதால் கொஞ்சம் காப்பாற்றும், அதை மட்டும் நம்பக் கூடாது. கப்பல் நிறுவனமான மர்ஸ்க் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சுநிரல் தாக்கியபோது, பயனர் கணக்குகளை ஆளும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. கானா அலுவலகத்தில் மின்தடையால் அணைந்திருந்த ஒரே ஒரு சர்வர் தப்பியது, அதிலிருந்து மீண்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் புதிதாக நிறுவினார்கள். வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு நகலின் மதிப்பை மின்தடைதான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வழி, மேகத்தில் தனி பேக்கப். நல்ல வழிதான், ஆனால் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது முக்கியம். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் மூடப்பட்டது. அதன் மேகக் கணக்கின் நிர்வாகத் திரைக்குள் புகுந்தவன் தரவையும் பேக்கப்பையும் சேர்த்து அழித்தான், இரண்டும் ஒரே சாவியின் கீழ் இருந்தன. இடமும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற மேகச் சேவை நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

ஆகவே, மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற பழைய விதியோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஒரு நகலாவது அன்றாட நிர்வாகியின் கடவுச்சொல்லால் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி பெரிய மேகச் சேவைகளில் இருக்கிறது. வசதி குறைந்தவர்கள் வாரம் ஒருமுறை டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறொரு கட்டடத்தில் வைக்கலாம். பழைய வழிதான், இன்றும் வேலை செய்கிறது.

மாதம் ஒருமுறை ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சர்வரையே வேறொரு கணினியில் எழுப்பிப் பாருங்கள். அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளுக்கும் அந்த எண் வேண்டும்: எத்தனை மணி நேரத் தரவை இழந்தால் தாங்குவோம், எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்குவோம்? 2019 மார்ச்சில் நோர்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் ரான்சம்வேரால் முடங்கியபோது கப்பம் கட்டவில்லை. சில ஆலைகளைக் கைமுறையாக ஓட்டிக்கொண்டே பேக்கப்பிலிருந்து மீண்டது. பெரும் செலவுதான், ஆனால் முடிவெடுக்கும் சுதந்திரம் அவர்கள் கையில் இருந்தது.

பேட்ச், கணக்கெடுப்பு

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்திருந்தது. 59 நாட்கள் இருந்தன. பணியாளர் மடிக்கணினிகளுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள். சர்வர்களில், முதலில் ஒன்றில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். இணையத்தைப் பார்த்து நிற்கும் எதுவாக இருந்தாலும், தொலைநுழைவுப் பெட்டி, ஃபயர்வால், மின்னஞ்சல் சர்வர், தீவிர ஓட்டைக்கு இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். எதை முதலில் போடுவது என்று குழம்பினால், உண்மையான தாக்குதல்களில் பயன்படும் ஓட்டைகளை மட்டும் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா தனிப் பட்டியலாக வெளியிடுகிறது. அதில் இருப்பதற்கே முதலிடம்.

எதற்கெல்லாம் பேட்ச் போட வேண்டும் என்று தெரிய, என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஈக்விஃபேக்ஸிலும் பேட்ச் போடச் சொல்லி அறிவிப்பு போயிருந்தது. ஓட்டையுள்ள இணையதளத்தை அவர்களுடைய தேடல் கண்டுபிடிக்கவில்லை. சிஐஎஸ் பட்டியலின் முதல் இரண்டு தலைப்புகளே சாதனக் கணக்கெடுப்பும் மென்பொருள் கணக்கெடுப்பும்தான். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு விரிதாளும், அதைப் புதுப்பிக்கும் பொறுப்புள்ள ஒருவரின் பெயரும் போதும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வரிசை மாறும் இடங்கள் உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஒப்பந்தமே கிடைக்காது என்றால், அதன் தயாரிப்பும் ஐந்தாவது யோசனையும் சேர்ந்தே நடக்கட்டும். நள்ளிரவிலும் நிற்கக் கூடாத சேவையை நடத்துபவர்கள் வெளிக் கண்காணிப்பை இரண்டாம் காலாண்டிலேயே தொடங்கலாம். கணினிப் பிரிவே இல்லாத பத்துப் பேர் நிறுவனம், சொந்தச் சர்வரை விட்டுவிட்டு நம்பகமான மின்னஞ்சல், கோப்புச் சேவை ஒன்றுக்கு மாறி, அதில் பாஸ்கீயை இயக்கி, தனியே ஒரு பேக்கப் வைத்துக்கொண்டால் போதும்.

எந்த யோசனையைத் தேர்ந்தாலும் இந்த வாரமே செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி அச்சிட்டு, இரண்டு பேர் வீட்டில் வைத்திருக்க வேண்டும். கணினிகள் பூட்டப்பட்ட காலையில் தொடர்புப் பட்டியலும் அவற்றுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். யாரை முதலில் அழைப்பது, வலைப்பின்னலைத் துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாதபோது யாருக்கு, துண்டிக்கப்பட்ட பேக்கப் டிஸ்க் எந்த அலமாரியில், அதன் திறவுச்சொல் யாரிடம், வாடிக்கையாளருக்கு யார் பேசுவார். கடைசி வரியில், பேக்கப்பைக் கடைசியாக மீட்டுப் பார்த்த தேதியும் அதற்கு ஆன மணி நேரமும் இருக்க வேண்டும்.